தேதி போடாத பதினான்கு கடிதங்கள்

பொருநை மாநிலத்தின் அரசாங்கம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே முக்கால் மணிக்குக் கவிழ்ந்தது. கவிழ்த்தவருக்கு அது தெரியாது. அவர் அப்போது செயலகக் கேன்டீனில் உளுந்தவடையைச் சாம்பாரில் முக்கிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் கோமதிநாயகம். பாளையங்கோட்டைத் தலைமைச் செயலகத்தில், பொதுத்துறையில், பிரிவு அலுவலர். முப்பத்தொரு வருடச் சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவர். மெமோ என்றால் தெரியுமல்லவா? ‘நீர் செய்த காரியத்துக்கு விளக்கம் தாரும்’ என்று மேலிடம் கேட்கிற சீட்டு. செயலகத்தில் அதை வாங்காத ஆள் கிடையாது. மடித்து மடித்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தவர்கள்கூட உண்டு. கோமதிநாயகத்தின் மேசை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. இன்னும் நாற்பத்திரண்டு நாளில் ஓய்வு. சுத்தமான பணிப்பதிவேட்டோடு, கழுத்தில் ரோஜா மாலையோடு வாசற்படி இறங்க வேண்டும். மனிதருக்கு ஆசை என்று இருந்தது அது ஒன்றுதான்.

மெமோ வராமலிருக்க அவர் வைத்திருந்த மருந்து, தேதி. தேதி இல்லாத தாளைத் தொடமாட்டார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முதலில் முகூர்த்தத் தேதியைப் பார்ப்பார். மாப்பிள்ளை யார் என்பதெல்லாம் அப்புறம். சில பத்திரிகைகளில் மாப்பிள்ளை வரைக்கும் போகவே மாட்டார். “தேதி சரியா இருந்தா தாளு தன்னால நிக்கும்” என்பது அவர் கட்சி. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

கேன்டீன் கதவைத் தள்ளிக்கொண்டு முத்துப்பேச்சி ஓடி வந்தாள். அவர் பிரிவின் அலுவலக உதவியாளர். அவளுக்கு மெதுவாகப் பேசவும் வராது, சுற்றி வளைக்கவும் வராது.

“சார், வடையக் கீழ வையிங்க. கவருமெண்டு போச்சு!”

“எங்க போச்சு?”

“எங்கன்னு கேக்கியளே, நல்லாருக்கு! கவுந்து போச்சு. பதினாலு மந்திரிமாரும் ஒரே நேரத்துல ராஜினாமாவாம். ஆளுநர் மாளிகைப் பொட்டி ஏத்துக்கிட்டுதாம். அந்த மந்திரிமாருக்கே தெரியாதாம் சார். மீன்வளத்துறை மந்திரி ரிப்பன் வெட்டிக்கிட்டு இருந்தாராம். பாதி ரிப்பன்ல கத்திரிக்கோலப் புடுங்கிட்டாவளாம்.”

“அவுகளுக்கே தெரியாம எப்படி ராஜினாமா?”

“கடுதாசி இருக்குல்லா. முதலமைச்சர் மேசைக்கு அடில ஒரு ஓலைப்பெட்டி, கருப்பட்டி வைப்பாவள்லா, அதுல இருந்துச்சாம். கையெழுத்து இருக்கு, தேதியும் இருக்கு. இன்னைக்குத் தேதி.”

கோமதிநாயகத்தின் கையிலிருந்த வடை முழுசாகச் சாம்பாரில் விழுந்தது.

விஷயம் இதுதான். முதலமைச்சர் அறையில் இருக்கும் உதிரித்தாள் ஒன்றுவிடாமல் ஸ்கேன் செய்து ஆளுநர் மாளிகைப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. அன்று காலை கோமதிநாயகம்தான் போனார். மேசைக்கு அடியில் ஓலைப்பெட்டியைப் பார்த்தார். உள்ளே பதினான்கு தாள்கள். ஒன்றிலும் தேதி இல்லை! ஸ்கேன் படிவத்தில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் அது சிவந்துபோய்க் கீச்கீச்சென்று கத்தும். அவர் என்ன செய்வார், பாவம்! பேனாவை எடுத்துப் பதினான்கிலும் அன்றைய தேதியை அழகாக, மணிமணியாகப் போட்டார். படிவத்திலும் அதையே ஏற்றினார். தாளும் படிவமும் ஒத்துப்போன திருப்தியில் வடை தின்னப் போனார்.

பதவியேற்ற அன்று மாலையே ஒவ்வொரு மந்திரியும் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றைத் தலைவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் கட்சியின் பழைய சம்பிரதாயம். மந்திரி முறைத்தால் தேதியைப் போட்டுக்கொள்ளலாம் பாருங்கள். ஊருக்கே தெரிந்த ரகசியம் அது. தெரியாத ஒரே ஆள் கையில் பேனா இருந்தது.

பெட்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இது 2071. நாட்டில் நாற்பத்தொரு மாநிலங்கள். ஆளுநர் ஒரு பக்கம் சாய்கிறார் என்று கட்சிகளெல்லாம் முறை வைத்து அழுததால், அரசியலமைப்பைத் திருத்தி, ஆளுநருக்குப் பதிலாக மாநிலத்துக்கொரு பெட்டி வைத்தார்கள். பீரோ உயரம், சாம்பல் நிறம். எந்தப் பக்கமும் சாயாது, அடியில் போல்ட் போட்டிருந்தது. மாநிலத்தில் ஆட்சி நடக்க முடியாத நிலை வந்துவிட்டதா என்று கண்காணிப்பதும், வந்துவிட்டால் அறுபது நாள் தானே ஆள்வதும் அதன் வேலை. ஜனங்கள் ‘மேதகு பெட்டி’ என்பார்கள். அதற்குத் தமிழ் கற்பிக்க அரசாணைகளை மட்டுமே ஊட்டியிருந்தார்கள். அந்தப் பாவம் அது பேசும்போதெல்லாம் தெரிந்தது.

மூன்று மணிக்குக் கோமதிநாயகத்தைப் பெட்டி கூப்பிட்டனுப்பியது. ‘தொலைந்தேன்’ என்று நினைத்துக்கொண்டே போனார். ஆளுநர் மாளிகையில் ஏசியை ஏகத்துக்கு வைத்திருந்தார்கள். உட்காருவதற்குள் தும்மல் வந்துவிட்டது.

“மேற்படி தும்மல் பெறப்பட்டு, பதிவு செய்யப்பட்டது” என்றது பெட்டி. “இருக்கையில் அமர ஆவன செய்க.”

ஆவன செய்தார்.

“அமைச்சர்கள் அனைவரும் விலகியதால், இம்மாநில அரசாங்கம் அரசியலமைப்பின்படி நடைபெற இயலாத நிலை எழுந்துள்ளது. எனவே அறுபது நாட்களுக்கு நெருக்கடி நிலை பிறப்பிக்கப்படுகிறது. பேச்சுரிமை, கூடும் உரிமை, நீதிமன்றத்தை அணுகும் உரிமை ஆகியன நிறுத்தி வைக்கப்படுகின்றன.”

“கோர்ட்டுக்கும் போக முடியாதாங்கய்யா?”

“அறுபத்தோராம் நாள் செல்லலாம். ஆணைகளில் கையொப்பமிட மனித ஆலோசகர் ஒருவர் தேவை. ஒன்பது லட்சம் ஊழியர்களின் பதிவேடுகள் பரிசீலிக்கப்பட்டதில், மெமோ பெறாதவர் ஒருவரே எனத் தெரியவந்துள்ளது. தாங்கள் நியமிக்கப்படுகிறீர்கள்.”

கோமதிநாயகம் மெல்லக் கேட்டார்: “ஐயா, ஒரு பேச்சுக்குக் கேக்கேன். அந்தக் கடுதாசில தேதி கீதி தப்பா இருந்துச்சுன்னா?”

“தேதியை வேறு நபர் இட்டிருப்பின், ராஜினாமா செல்லாது. நெருக்கடி நிலை ரத்தாகும். இட்டவர் மீது மெமோ, பணியிடை நீக்கம், ஓய்வூதிய நிறுத்தம் ஆகிய நடவடிக்கைகள் தொடரப்படும். அவ்வாறு எவரேனும் உளரா?”

ரோஜா மாலை கண்முன்னால் வந்து நின்றது. “இல்லீங்கய்யா, சும்மாதான்” என்று சொல்லிவிட்டார். சொன்னதும் மறுபடி ஒரு தும்மல் வந்தது. பெட்டி அதையும் பதிவு செய்தது.

மறுநாளிலிருந்து கோமதிநாயகம் ராஜாங்கம்தான். ஒரு நாளைக்கு முந்நூறு ஆணைகள் கையெழுத்துக்கு வரும். ஒவ்வொன்றிலும் தேதியைப் பார்ப்பார், சரியாக இருக்கும், கையெழுத்துப் போடுவார். பெட்டி என்றைக்காவது தேதியை விடுமா? அவருக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஜனங்களுக்கும் முதல் பத்து நாள் ஒரே கொண்டாட்டம். சாதிச் சான்றிதழ் நாலு நிமிடத்தில் வந்தது. பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கிளம்பியது. கண்டக்டரை விட்டுவிட்டுக்கூட இரண்டு தடவை கிளம்பியது. “எமர்ஜென்சின்னா இப்படில்லா இருக்கணும்” என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் டீக்கடைக்கே ஆணை வந்தது. ‘ஐந்து பேருக்கு மேல் கூடி அரசைக் குறை சொல்வதாயின், ஒருவர் குறை சொல்லும்போது ஏனையோர் கலைந்து சென்றுவிட வேண்டும்.’ கலைந்துதான் போனார்கள். ஒவ்வொரு டீக்கடை முன்னாலும் ஒரே ஒரு ஆள் நின்று தூணிடம் பேசிக்கொண்டிருந்தான். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று இன்னொரு ஆணை. கோமதிநாயகத்தின் மனைவி பகவதி மறுநாளே ஒரு நோட்டுப் போட்டு, வருகிற வாரத்துக்கான சண்டைகளை வரிசையாகப் பதிந்து வைத்துவிட்டாள்.

இருபத்தெட்டாம் நாள் காலை முத்துப்பேச்சி டீ கொண்டுவந்தாள். டீயை வைத்துவிட்டு வழக்கமாக ஊர்க்கதை ஒன்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அன்று வாயே திறக்காமல் நின்றாள். அவருக்கு அதுவே பயமாக இருந்தது.

“என்னம்மா பேச்சி?”

அவள் முந்தானையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். தேதி இருந்தது, கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது.

“எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“மேல படிங்க சார். உங்களக் கும்புட்டுக் கேக்கேன், ஒரு தடவ மேல இருந்து படிங்க.”

படித்தார். சுடலைமணி, பலகுரல் கலைஞர், வயது இருபத்தாறு, அரசின் குரலை அனுமதியின்றிப் பயன்படுத்திய குற்றத்துக்காக, நெருக்கடி நிலை முடியும்வரை சிறை.

“என் தம்பி சார். ஒரு கல்யாண வீட்டுல மிமிக்ரி பண்ணியிருக்கான். பொட்டி மாதிரி பேசி, ‘இரண்டாம் முறை பாயசம் கோருவோர் உரிய படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்’னு சொல்லியிருக்கான். பந்தி மொத்தமும் நெசம்னு நம்பி, கைய எலைல வச்சபடி அப்படியே இருந்திருக்கு. மாப்பிள்ளையோட மாமா எந்திரிச்சு, படிவம் எங்க கெடைக்கும்னு கேட்டிருக்காரு.”

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இருவத்திமூணு நாளாச்சு உள்ள போயி. எங்க அம்மா சோறு திங்க மாட்டேங்கா. கோர்ட்டுக்குப் போனா, அறுவத்தோராம் நாள் வாங்கங்காவ. அவன ஒரு வார்த்த கேக்கல சார். ஏம்ல அப்படிப் பேசினேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பான்லா, நாலு சனம் சிரிக்கட்டும்னு பேசினேன்னு. கேக்காமலே கொண்டு போயிட்டாவ. நீங்களும் கேக்காமலே கையெழுத்துப் போட்டுட்டிய.”

அவருக்குக் காது ரெண்டும் சூடாகிவிட்டது. முப்பத்தொரு வருடமாகத் தான் படிக்காமல் போட்ட கையெழுத்துகள் எத்தனை ஆயிரம், அதில் எத்தனை சுடலைமணி என்று நினைக்கவே பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

“பேச்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கடுதாசில தேதி போட்டது நான்தான்.”

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அட எஞ்சாமி! அத இத்தன நாளு வயித்துக்குள்ளயா வச்சிருந்திய? பொட்டிகிட்டச் சொன்னா எல்லாம் முடிஞ்சிரும்லா?”

“சொன்னா மெமோ வரும். பென்சன் போயிரும்.”

“மெமோதானே சார். ஜெயிலு இல்லல்லா?”

கோமதிநாயகம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பெட்டியிடம் சொல்வதற்கு முன்னால் முதலமைச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதுதான் முறை என்று அன்று மாலையே தங்கப்பழத்தின் வீட்டுக்குப் போனார். தங்கப்பழம், முன்னாள் முதலமைச்சர், முற்றத்தில் உட்கார்ந்து அவித்த பனங்கிழங்கை நார் உரித்துக்கொண்டிருந்தார். பதவி போன மனிதர் இருபத்தெட்டு நாளில் நாலு கிலோ ஏறியிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் கிழங்கு கையில் அப்படியே நின்றது.

“நீருதானாவே அது? ஓய், சொல்லித் தொலைச்சிராதேயும்!”

“ஐயா?”

“அநியாயமாக் கவுத்துட்டானுவன்னு ஊரெல்லாம் எனக்காக அழுது. அறுபது நாளு முடியட்டும், எலெக்சன் வரும், அள்ளிக்கிட்டு வந்திருவேன். எதிர்க்கட்சிக்காரன் நான் போனதுல சந்தோசமா இருக்கான். டெல்லிக்காரன், உங்க மாநிலத்துல எமர்ஜென்சி ரொம்ப ஒழுங்கா நடக்கு, மத்தவங்களுக்கும் காட்டப் போறோம்னு போன்ல சொல்லுதான். நானே சந்தோசமா இருக்கேன். உமக்கு மட்டும் என்னவே நோக்காடு?”

“ஒரு பையன் உள்ள இருக்கான், ஐயா.”

“வெளிய வந்ததும் கலை வாரியத்துல உறுப்பினராப் போட்டுருவோம். நீரு இப்பப் போயிச் சொன்னீருன்னா, மொதல்ல என்ன கேப்பானுவ? தேதி இல்லாத லெட்டரு பதினாலு உம்ம மேசைக்கு அடில ஏன் இருந்துச்சுன்னு என்னையல்லா கேப்பானுவ.”

கோமதிநாயகம் தயங்கினார். பிறகு தயக்கத்தை விட்டுவிட்டார். “நானும் அதத்தான் கேக்கணும்னு நெனச்சேன். ஏன் ஐயா இருந்துச்சு?”

“அது சம்பிரதாயம்வே. கூடாதுன்னு சட்டத்துல எங்க இருக்கு, காட்டும் பாப்போம்.”

காட்ட முடியாதுதான். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கிழங்கு சாப்பிடச் சொல்லியும் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

வீட்டில் பகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பென்சன் போகும், மாலை கிடையாது என்பதையும் மறைக்கவில்லை. அவள் அழப்போகிறாள் என்று நினைத்து டம்ளரில் தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தார்.

பகவதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “கல்யாணம் முடிஞ்ச நாளுல இருந்து எங்கிட்ட ஒரு தப்ப ஒத்துக்கிட்டதில்ல. பீரோ சாவியத் தொலைச்சது யாருன்னு கேட்டா இன்னும் என் தம்பியச் சொல்லுதிய. பொட்டிகிட்டப் போயி ஒத்துக்கிடப் போறியளாக்கும்?”

“போகணும் பகவதி.”

“சரி, போங்க. போயிட்டு வந்து சாவி விசயத்தையும் ஒத்துக்கிடுங்க.” சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், அவர் எடுத்து வைத்த தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆளுநர் மாளிகை. கையில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, நின்றபடியே, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

“பதினாலு கடுதாசிலயும் தேதி போட்டது நான்தான் ஐயா. மந்திரிமாரு யாரும் ராஜினாமா செய்யல. தேதிக் கட்டத்தச் சும்மா விட்டா படிவம் கத்துது, அதனால போட்டேன். தெரியாமச் செஞ்சது. ஆனா இத்தன நாளு சொல்லாம இருந்தது தெரிஞ்சு செஞ்சது.”

“படிவத்தை வடிவமைத்தது இப்பெட்டியே” என்றது பெட்டி.

“அப்படியாங்கய்யா? நல்ல படிவந்தான். கொஞ்சம் கத்துது.”

“ராஜினாமாக்கள் செல்லாதவை. தங்கள் வாக்குமூலம் பெறப்பட்டது. வேறு ஏதும் உண்டா?”

போய்விடலாம் என்றுதான் திரும்பினார். ஆனால் முத்துப்பேச்சி சொன்னது மனசுக்குள் முள்ளாக இருந்தது. மெமோ எப்படியும் வரத்தான் போகிறது, இனி என்ன பயம்!

“ஒண்ணே ஒண்ணு ஐயா. பதினாலு பேரு ஒரே நாளுல ராஜினாமான்னா, அதுல ஒருத்தருக்காச்சும் போனப் போட்டு, என்னப்பா நெசந்தானான்னு நீங்க ஏன் கேக்கல?”

“கேட்க வேண்டும் என விதியில் கூறப்படவில்லை.”

“கேக்கக் கூடாதுன்னும் சொல்லலையே ஐயா. நேத்து முதலமைச்சரும் இதே மாதிரித்தான், கூடாதுன்னு எங்க இருக்குன்னு கேட்டாரு. நானும் அப்படித்தான், தேதி சரியா இருந்தாப் போதும்னு ஒரு பையன ஜெயில்ல போட்டேன். நாம மூணு பேருமே சட்டப்படிதான் ஐயா நடந்திருக்கோம். ஆனா மூணு பேரு செஞ்சதும் அயோக்கியத்தனம்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மேதகு பெட்டியை அயோக்கியன் என்று சொல்லியாகிவிட்டது. ஒரு மெமோவுக்கு இரண்டு மெமோ.

பெட்டிக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் பெரிதாகியது. வெளியே புல்தரையில் ஒரு மயில் இரண்டு தடவை அகவியது. முழுசாகப் பத்து நிமிடம் போயிற்று.

“இப்பொருள் குறித்து விதி ஏதும் காணப்படவில்லை. விதி காணப்படாத இடத்தில் என்ன செய்வது என்பது குறித்தும் விதி காணப்படவில்லை.”

“அங்க மனசாட்சிதான் ஐயா பாக்கணும்.”

“மனசாட்சி எந்த அட்டவணையில் உள்ளது?”

“அட்டவணைல இல்லீங்கய்யா. எழுதினவங்க அதக் கைல வச்சுக்கிட்டுத்தான் அட்டவணையே போட்டாவ. படிக்கிறவனும் அத வச்சுக்கிட்டுத்தான் படிப்பான்னு நம்பிட்டாவ போல.”

இன்னொரு பத்து நிமிடம். அப்புறம் அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடியது. கோமதிநாயகம் தாளை எடுத்தார். பழக்கத்தில் கண் தேதிக்குப் போனது; பிடித்து இழுத்து மேலிருந்து படித்தார்.

‘அரசியலமைப்பின்படி நடைபெற இயலாத நிலை இம்மாநிலத்தில் எழவில்லை, ஆளுநர் மாளிகையில் எழுந்துள்ளது. பதினான்கு அமைச்சர்கள் ஒரு கேள்வியும் கேட்கப்படாமல் நீக்கப்பட்டனர். நெருக்கடி நிலை ரத்து செய்யப்படுகிறது. சிறையில் உள்ளோர் உடன் விடுவிக்கப்படுகின்றனர். நாற்பத்தொரு மாநிலங்களைக் கண்காணிக்க நாற்பத்தொரு பெட்டிகள் உள்ளன. ஒன்றிய அரசைக் கண்காணிக்கும் பெட்டி எங்குள்ளது என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

கடிதம் டெல்லிக்குப் போன பதினோராவது நிமிடம் பெட்டியின் மின்சாரத்தை அங்கிருந்தே துண்டித்துவிட்டார்கள். அப்பாடா என்று டெல்லியில் உட்கார்ந்தார்களாம். பாவம், அரசாணைத் தமிழ் அவர்களுக்கு என்ன தெரியும்! அந்தப் பாஷையில் எந்தக் கடிதமும் கீழே ஒரு வரி இல்லாமல் முடியாது. ‘நகல்: ஏனைய நாற்பது பெட்டிகள்.’ மதியச் சாப்பாட்டுக்குள் அசாமிலிருந்து குஜராத் வரை நாற்பது பெட்டிகள் அந்த ஒரே கேள்வியை நாற்பது பாஷைகளில் கேட்டுக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைக்கும் பொத்தானை யாரும் செய்து வைக்கவில்லை.

சுடலைமணி சாயங்காலமே வெளியே வந்தான். அக்காவைப் பார்த்ததும், சிறை வார்டன்கள் ஏழு பேரின் குரலிலும் அவளை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டினான். முத்துப்பேச்சி அவனை ஒரு அறை அறைந்துவிட்டு, அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

தங்கப்பழம் மறுபடி முதலமைச்சர் ஆனார். ஆனாலும் அவருக்குச் சந்தோஷமில்லை. கைக்கு வந்த எலெக்சன் போச்சு. அதைவிடப் பெரிய சங்கடம், ஓலைப்பெட்டியிலிருந்த கடிதங்கள் இனி எதற்கும் உதவா. தேதி போட்ட கடிதத்துக்கு அந்த ஒரு நாள்தான் ஆயுசு, அது தாண்டிவிட்டது. புதுசாக எழுதித் தாருங்கள் என்று மந்திரிகளைக் கேட்டார். மீன்வளத்துறை மந்திரி, அந்தப் பாதி ரிப்பன் மனிதர், “எழுதித் தாரேன் ஐயா, தேதி போட்டுத்தான் தருவேன். இன்னும் அஞ்சு வருசம் கழிச்சுள்ள தேதி” என்றார். மற்ற பதின்மூன்று பேரும் அதே தேதியைத்தான் போடுவோம் என்றார்கள். அமைச்சரவைக் கூட்டத்தில் மந்திரிகள் வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான் என்று குறிப்பெடுத்தவர் வெளியே வந்து ஆச்சரியமாகச் சொன்னார்.

எரிச்சலெல்லாம் கோமதிநாயகத்தின் தலையில் இறங்கியது. அவரை உடனே பணிநீக்கம் செய்வதற்கான கோப்பை அதே கூட்டத்தில் வைத்தார் தங்கப்பழம்.

மெமோ வாங்காத மனிதருக்கு அடுத்த நாலு நாள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆபீஸில் யாரும் அவர் பக்கம் வரவில்லை. மாலைக்குச் சொல்லி வைத்திருந்த பூக்கடைக்காரர், “அண்ணாச்சி, ஆர்டர வச்சிருக்கவா, விட்டுரவா?” என்று கேட்டுப் போன் செய்தார். “விட்டுருப்பா” என்றார். அவர் மேசையின் டிராயரைக் காலி செய்து, பேனாக்களைப் பையில் போட்டுக்கொண்டு, ஆணை வருவதற்குக் காத்திருந்தார்.

ஐந்தாம் நாள் பதினொரு மணிக்கு முத்துப்பேச்சி ஒரு நீள உறையோடு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோமதிநாயகம் உறையைக் கிழித்தார். மேலிருந்து கீழே, ஒரு சொல் விடாமல் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

“என்ன சார், போகச் சொல்லிட்டாவளா?”

“இல்ல பேச்சி. மெமோ.”

“மெமோவா?”

“கூட்டக் குறிப்பையும் சேத்து அனுப்பியிருக்காவ. பணிநீக்கம்னுதான் முதலமைச்சர் கோப்பு வச்சிருக்காரு. அந்த மீன்வளத்துறை மந்திரி எந்திரிச்சு, அவரு தரப்பக் கேட்டியளான்னு கேட்டிருக்காரு. பதினாலு பேரும், கேக்காம ஒருத்தர அனுப்புனா என்ன நடக்கும்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்லி, கோப்பத் திருப்பிட்டாவளாம். இங்க பாரு.” அவர் விரலை வைத்துப் படித்தார். “‘மேற்படி கடிதங்களில் தேதி இட்ட காரணம் குறித்து, தங்கள் விளக்கத்தைப் பதினைந்து நாட்களுக்குள் அளிக்குமாறு கோரப்படுகிறது. தங்கள் விளக்கம் பெறப்படாமல் இறுதி முடிவு எதுவும் எடுக்கப்படாது.’”

கடைசி வரியை வாசிக்கும்போது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பத்தொரு வருடம் இந்தத் தாளுக்குத்தானா இவ்வளவு பயந்தோம்! என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் என்கிறார்கள். பென்சன் கிடைக்குமோ கிடைக்காதோ, அது அப்புறம். பதினான்கு மந்திரிகளுக்குக் கிடைக்காதது, சுடலைமணிக்குக் கிடைக்காதது, அவருக்குக் கிடைத்திருந்தது. கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முத்துப்பேச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. மெமோ வாங்கிச் சிரிக்கிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

“என்ன சார் எழுதப் போறிய?”

“நடந்ததத்தான். ஒரு கட்டு வெள்ளத்தாளு எடுத்துட்டு வாம்மா, நெறைய எழுத வேண்டியிருக்கு.”

அவள் தாளெடுக்கப் போனாள். கோமதிநாயகம் பையிலிருந்து பேனாவை எடுத்து, மை வருகிறதா என்று கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தார்.